லான்லானின் இரட்டைச் சடை

இது எனக்கு நடந்தது. யாரோ சொல்லி நான் கேட்டதில்லை. ஆசிரியர் அறையில் இதைச் சொல்ல ஆரம்பித்தபோது, "ஃபாங் டீச்சர், நல்லா அடிச்சு விடறீங்க" என்று ஒருவர் சிரித்தார். எங்கள் கணக்கு வாத்தியார். நான் முடிப்பதற்குள் அவரே எழுந்து போய் விளக்கைப் போட்டார். அப்போது பட்டப்பகல். அதனால் சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்.

நான் இரண்டாம் வகுப்பு டீச்சர். தைவானில், கடலை ஒட்டிய ஒரு சிப்பிக்கார ஊரில் வேலை. சுபாவத்தில் நான் ஒரு சந்தேகப் பிராணி. என் தொழில் அப்படி. வீட்டுப்பாடத்தை நாய் தின்றுவிட்டது, தாத்தா மூன்றாவது முறை செத்துப்போனார் என்று தினமும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பிள்ளைகளோடு குப்பை கொட்டுகிறவள், வேறு எப்படி இருப்பாள்? முகத்தைப் பார்த்தே பொய்யைப் பிடித்துவிடுவேன். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. அதாவது, உண்டு என்று நினைத்திருந்தேன்.

லான்லான் என் வகுப்புக்கு வந்தது செப்டம்பரில். எட்டு வயது. "தாய் இல்லாத பிள்ளை, அப்பா மட்டும்தான். கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று தலைமையாசிரியர் சொல்லி அனுப்பினார். பரட்டைத் தலையும் பொத்தான் மாறிப் போட்ட சட்டையுமாக ஒரு குழந்தையை எதிர்பார்த்தேன்.

வந்ததோ, இரட்டைச் சடை. அதுவும் சாதாரணப் பின்னல் இல்லை, நாலு கால் பின்னல். நேர் வகிடு, ஒரு முடி பிசிறில்லை. கல்யாணப் பெண்ணுக்குக்கூட அப்படிப் பின்ன ஒரு மணி நேரம் ஆகும். நுனி மட்டும் எப்போதும் லேசாக ஈரமாக இருக்கும்.

"யாரும்மா பின்னிவிட்டது?"

"அம்மா."

எனக்கு மூக்கில் வேர்த்தது. ஓகோ, அப்படியா சங்கதி என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் அப்பா பெயர் குவோ-லியாங். லியாங் என்றுதான் ஊரில் கூப்பிடுவார்கள். சிப்பி வளர்க்கிறவர். சாயங்காலம் கோயில் வாசலில் சிப்பி ஆம்லெட் கடை. காலையில் நீல நிறக் குட்டி லாரியில் மகளைக் கொண்டுவந்து விடுவார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கை முழுக்கச் சிப்பி ஓடு கிழித்த தழும்பு. என்னைப் பார்த்தால் குனிந்து, "டீச்சர்" என்பார். அவ்வளவுதான். 'வணக்கம்' கூட வராது.

ஆசிரியர் தினத்தன்று ஒரு பை நிறைய உரித்த சிப்பி கொண்டுவந்தார். பெற்றோரிடம் எதுவும் வாங்கக்கூடாது என்று சொன்னேன்.

"அப்ப சரி, கொட்டிடறேன்" என்று சாக்கடைப் பக்கம் திரும்பிவிட்டார்.

"ஐயையோ, கொட்டாதீங்க!" என்று ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன். காவலாளி பார்த்துச் சிரித்தார். லியாங் சிரிக்கவில்லை. காது மட்டும் சிவந்துபோனது. அந்தச் சிவந்த காதில்தான் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அவர் கடையில் சாப்பிட ஆரம்பித்தேன். என் தட்டில் முட்டை எங்கே என்று தேட வேண்டியிருக்கும், அவ்வளவு சிப்பி போட்டுவிடுவார். பேச்சு கிடையாது. அவர் வார்ப்பார், நான் நோட்டுத் திருத்துவேன், லான்லான் பாடம் படிப்பாள். புயல் எச்சரிக்கை வந்த நாளில், கூப்பிடாமலே ஏணியோடு வந்து என் வாடகை வீட்டு ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்துவிட்டுப் போனார். காலில் சேறு என்று உள்ளே வரவில்லை. மழையில் நின்றே தேநீர் குடித்தார். எனக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் பற்றி என் அம்மாவே கேட்பதை நிறுத்திவிட்டாள். அன்றைக்கு அந்த மனிதர் நனைந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

ஆனால் அந்தச் சடை...

ஒவ்வொரு காலையும் அந்தச் சடை வந்து என் முன்னால் உட்காரும். நான் கரும்பலகையிலிருந்து திரும்பினால் அதுதான் முதலில் கண்ணில் படும். இந்த மனுஷன் வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். ஊருக்கெல்லாம் பெண்டாட்டி செத்துப்போனாள் என்று சொல்லிக்கொண்டு, உள்ளே ஒருத்தியை வைத்திருக்கிறார். என் மனம் அதையே அரைத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை கடையில் வைத்தே கேட்டுவிட்டேன். "இவளுக்கு நீங்கதான் தலை பின்னறீங்களா?"

"இல்ல டீச்சர்."

"பின்னே?"

"அவளே... பின்னிக்குவா."

பொய். பச்சைப் பொய். மகளைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துச் சொன்னார். பக்கத்தில் அவருடைய அத்தை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மீன் மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறவள், வாய்க்குப் பூட்டே கிடையாது.

"அத்தை, நீங்க பின்னிவிடறீங்களா?" என்றேன்.

"நானா? எனக்குப் பின்னத் தெரிஞ்சா என் தலை இப்படி காக்கா கூடு மாதிரியா இருக்கும்?" என்றாள் அத்தை. பிறகு அவள் மருமகனைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை.

குளிர்காலத்தில் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கிற முறை வந்தது. லியாங் வீட்டுக்குப் பகலில்தான் போனேன். ஓட்டு வீடு. முன்னறை, படுக்கையறை, சமையலறை, அவ்வளவுதான். முன்னறையில் சாமி மேடை, சிவப்பு விளக்கு, மனைவி பெயர் எழுதிய பலகை. அதன் முன்னால் ஒரு கிண்ணம் சோறு, மேலே பொரித்த மீன். சோறு ஆவி பறந்தது. ஆனால் செத்துப்போனவளின் ஒரு படம்கூட அந்த வீட்டில் இல்லை.

"படம் ஏன் வைக்கல?"

"வெச்சா நான் அழறேன்னு லான்லான் பயப்படறா. எடுத்துட்டேன்."

அதற்கும் நான் தலையாட்டினேன். மனதில் இன்னொரு கோடு போட்டுக்கொண்டேன்.

வசந்தம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கடையை மூடும் நேரம். லியாங் ஈரத் துணியால் ஒரே மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மேசையைப் பார்த்தே சொன்னார். "வெள்ளிக்கிழமை மட்டும் இல்லாம... தினமும் சாப்பிட வர்றீங்களா? எங்க வீட்டுக்கே."

அவர் வாழ்க்கையில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். எனக்கு நெஞ்சு நிறைந்து போனது. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

"உங்க வீட்டுல இருக்கிற பொம்பளைகிட்ட கேட்டுட்டீங்களா?"

அவர் முகம் வெளுத்தது. துணி கையிலேயே இருந்தது.

"யாரும் இல்ல டீச்சர்."

"சடை?"

துணியை மேசையில் வைத்தார். பிறகு சொன்னார். "நாளைக்கு விடியறதுக்கு முன்னாடி கடல் தண்ணி வடியும். நான் சிப்பிக்குப் போயிடுவேன். நீங்களே வந்து உட்காருங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க."

கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறேன் என்றுதான் போனேன். என் கோபம் எனக்குத் துணை. போகும்போது மூன்றரை மணி.

லான்லான் தூங்கிக்கொண்டிருந்தாள். முடி அவிழ்ந்து தலையணை முழுக்கக் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. லாரி சத்தம் தேய்ந்து மறைந்தது. முன் கதவை நானே பூட்டினேன். பின் கதவுக்கு உள்ளிருந்து தாழ். ஜன்னல்களுக்குக் கம்பி. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். அலமாரியைத் திறந்தேன். குளியலறை, தண்ணீர்த் தொட்டி, அரிசிப் பீப்பாய்க்குப் பின்னால்... ஒரு பூனைகூட இல்லை.

சரி. வரட்டும். வெளியிலிருந்துதானே வர வேண்டும்? படுக்கையறைக் கதவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். என்னைத் தாண்டாமல் யாரும் உள்ளே போக முடியாது.

நாலு மணி. சாமி மேடையின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. எங்கோ ஒரு நாய் குரைத்தது. பிறகு அதுவும் நின்றது.

நாலு இருபது. கண் சொக்கியது. கன்னத்தில் தட்டிக்கொண்டேன்.

நாலு நாற்பது.

சரக்...

நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சரக்... சரக்...

சீப்பு. முடியில் சீப்பு இறங்கும் சத்தம். தினமும் என் தலையில் நானே கேட்கிற சத்தம், எனக்குத் தெரியாதா?

என் முதுகுக்குப் பின்னால். அந்த அறைக்குள்ளே.

லான்லான் மெல்லச் சிரித்தாள். கூச்சம் காட்டினால் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

சரக்... சரக்... சரக்...

எழுந்திருக்கப் பார்த்தேன். நாற்காலியைப் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டேன்.



"லான்... லான்லான்?"

சத்தம் நின்றது.

எதுவும் இல்லை... மூச்சுகூட இல்லை...

டிக்.

ரப்பர் பேண்ட்.

கதவைத் தள்ளினேன். விளக்கைப் போட்டேன்.

கட்டிலில் அவள் உட்கார்ந்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. இரண்டு சடையும் முடிந்திருந்தன. நுனி ஈரம்.

அவள் முதுகு சுவரை ஒட்டியிருந்தது. அவளுக்கும் சுவருக்கும் நடுவே என் உள்ளங்கையைத்தான் நுழைக்க முடியும்.

"அம்மா போயிட்டாங்க" என்றாள்.

"எங்க?"

"தெரியல. நீங்க கூப்பிட்டீங்கல்ல, அதான் போயிட்டாங்க."

முன் கதவில் பூட்டு அப்படியே தொங்கியது. பின் கதவில் தாழ் அப்படியே இருந்தது.

லியாங் திரும்பி வந்தபோது நான் தெருவில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த கூடை விழுந்தது.

"கேட்டுச்சா? உங்களுக்கும் கேட்டுச்சா?"

தலையாட்டினேன். அந்த மனிதர் தெருவிலேயே உட்கார்ந்து அழுதார். பயந்து அழவில்லை. சந்தோஷத்தில் அழுதார். "நான் மட்டும்தான் பைத்தியம்னு நெனச்சேன். பாவ்-ஜூ போய் அஞ்சு வருஷம். மகளுக்குத் தலை பின்னணும்னு அவளுக்கு உசுரு. இருந்தப்ப முடியல. செத்தும் வந்து பின்னறா."

லான்லானுக்கு மூன்று வயதில் தாய் போனாள். அந்த வயதுப் பிள்ளைக்குப் பின்ன என்ன முடி இருந்திருக்கும், அதனால்தான் முடியவில்லை போலும் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வேறு எவளாக இருந்தாலும் அன்றைக்கே ஊரைவிட்டு ஓடியிருப்பாள். நான் ஓடவில்லை. ஏன் தெரியுமா? பயம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி. இவர் பொய்யர் இல்லை. மாதக்கணக்கில் நான் சந்தேகப்பட்டது ஒரு தாயை. செத்த பிறகும் பிள்ளை தலையைக் கோத வந்தவளை நான் துரத்தப் பார்த்தேன் என்று எனக்கே என் மேல் வெட்கமாக இருந்தது.

எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. மனைவி இறந்தவனைக் கட்டிக்கொள்கிறவள், முதலில் அந்த மூத்தவளிடம் சம்மதம் கேட்க வேண்டும். அதற்குப் பிறைக்கட்டை போடுவோம். பிறை நிலா வடிவத்தில் இரண்டு சிவப்பு மரத்துண்டுகள். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் மேடு. கேள்வி கேட்டுத் தரையில் போட வேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று மேடாகவும் விழுந்தால் சம்மதம், அதாவது ஆமாம். இரண்டும் மேடு என்றால் மறுப்பு. இரண்டும் தட்டை என்றால் சிரிப்பு, அதாவது பதிலே இல்லை. தொடர்ந்து மூன்று முறை சம்மதம் விழுந்தால்தான் செல்லும்.

ஞாயிற்றுக்கிழமை பகல். அத்தை வந்து நடத்தி வைத்தாள். ஊதுபத்தி ஏற்றினேன். முறைப்படி பாவ்-ஜூவின் முழுப் பெயர், பிறந்த நாள், பிறந்த ஊர் எல்லாம் சொல்லிக் கேட்டேன். "நான் இந்த வீட்டுக்கு வரலாமா?"

போட்டேன். இரண்டும் தட்டை. சிரிப்பு.

மறுபடி பெயர் சொல்லிப் போட்டேன். சிரிப்பு. மறுபடி... சிரிப்பு.

அத்தை பேரம் பேச ஆரம்பித்தாள். காகிதத்தில் செய்து எரிக்கிற பொருள் செத்தவர்களுக்குப் போய்ச் சேரும் என்பது எங்கள் நம்பிக்கை. மீன் விற்கிறவள் இல்லையா! "இந்தா பாவ்-ஜூ, புதுத் துணி எரிக்கிறோம், சரியா? பத்தாதா? வளையலும் சேர்த்து. அடியே, செத்தும் உனக்கு இவ்வளவு பிகுவா?"

சிரிப்பு.

"டீச்சர், நீ பள்ளிக்கூடத்துல ஆஜர் கூப்பிடற மாதிரி கூப்பிட்டா எவ வருவா? பேரு ஊரெல்லாம் விடு. பொம்பளைக்குப் பொம்பளை மனசு விட்டுப் பேசு" என்றாள் அத்தை.

எனக்கும் அது சரி என்று பட்டது. கண்ணை மூடினேன். அன்று விடியற்காலையில் கேட்ட அந்தச் சத்தத்தை நினைத்துக்கொண்டேன். மனதாரச் சொன்னேன். "தினமும் காலையில லான்லானுக்குத் தலை பின்னிவிடற அக்கா... நாம ரெண்டு பேரும் இந்தக் குடும்பத்துல ஒண்ணா இருக்கலாமா?"

சம்மதம்.

சம்மதம்.

சம்மதம். மூன்றாவது முறை கட்டை என் கையிலிருந்து நழுவி, நான் போடுவதற்கு முன்பே விழுந்தது.

"பாத்தியா!" என்று அத்தை தொடையில் அடித்துக்கொண்டாள். லியாங் என்னை முதல் முறையாக 'டீச்சர்' என்று சொல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

மே மாதம் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்தது. நான் அந்த வீட்டில் குடியேறுவதற்கு முன் இன்னொரு முறை பாக்கி. மூத்தவளின் தாய்தகப்பனிடம் போய், அவர்களை அம்மா, அப்பா என்று கூப்பிட்டு, அவர்கள் மகளாக ஆக வேண்டும். அந்தக் குடும்பம் தெற்கே இருந்தது. லியாங்கோடு ஐந்து வருடமாகப் பேச்சு இல்லை. காய்ச்சலில் கிடந்தவளை ஒரு நாள் தாமதமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான் என்று மனத்தாங்கல். பேத்தியைப் பார்த்தும் அத்தனை வருடம் ஆகியிருந்தது. ஆனால் புது மகள் வருகிறாள் என்று சொல்லி அனுப்பியதும், பாவ்-ஜூவின் அம்மா வாசலிலேயே வந்து நின்றார்.

கரும்புச்சாறு பிழிகிற கடை. பின்னால் வீடு. லான்லானைக் கட்டிக்கொண்டு அழுதார். என்னையும் கட்டிக்கொண்டார். "அம்மா" என்று கூப்பிட்டேன். தட்டில் பழம் வெட்டி வைத்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

"இந்தச் சடை யாரு பின்னினது?" என்று அம்மா லான்லானைத் தடவினார்.

"அம்மா."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லாப் பின்னறியே கண்ணு. இவ கொடுத்து வெச்சிருக்கணும்."

"நான் இல்லம்மா... அக்காதான். அக்கா தினமும் வந்து பின்னறாங்க" என்றேன். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

அந்த அம்மாவின் கை, சடையிலிருந்து மெதுவாக விலகியது.

"எங்க பாவ்-ஜூவா?"

எழுந்து உள்ளே போனார். ஒரு படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கல்யாணப் படம். இளைய லியாங். பக்கத்தில் வட்ட முகமாக ஒரு பெண். அன்றுதான் முதல் முறையாக அவளைப் பார்த்தேன். அவள் வலது கையில் பூங்கொத்து. அந்தக் கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான் இருந்தன.

"ஒன்பது வயசுல கரும்பு மெஷின்ல கை போச்சு. அவ தலையையே அவளால பின்ன முடியாது. நான்தான் பின்னுவேன். கட்டிக்கொடுத்த பிறகு இவன் முடிஞ்சுவிடுவான்."

நான் லியாங்கைப் பார்த்தேன். அவர் தலை குனிந்துகொண்டார்.

"தெரியும்மா. அவ போனப்ப காகிதத்துல ஒரு கை செய்யச் சொல்லி எரிச்சேன். அஞ்சு விரலோட. அந்த வாரத்துலேருந்து சடை பின்ன ஆரம்பிச்சுது. செத்தவங்களுக்கு ஊனம் இருக்காதும்பாங்களே... அவளுக்கு விரல் கெடச்சிடுச்சு, அதான் ஆசை தீரப் பின்னறான்னு..."

அம்மா எழுந்தார். மூன்று ஊதுபத்தி ஏற்றினார். பிறைக்கட்டையை எடுத்துக்கொண்டு வாசற்படிக்கு வெளியே போனார். கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிறந்த வீட்டு மேடையில் இடம் கிடையாது. கூப்பிட்டால் வாசலில்தான் வந்து நிற்பாள். முழுப் பெயரைச் சொன்னார். பிறந்த நாளைச் சொன்னார். நேரத்தைக்கூடச் சொன்னார்.

"பாவ்-ஜூ, வந்திருக்கியா?"

சம்மதம்.

"இந்தப் பொண்ணு உன் பிள்ளைக்கு அம்மாவா இருக்கட்டுமா?"

சம்மதம். மறுபடி சம்மதம். மூன்றாவதும் சம்மதம். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"தினமும் போய்ப் பிள்ளைக்குத் தலை பின்னறியா?"

இரண்டும் மேடு. இல்லை.

லியாங் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"உன் வீட்டுக்குள்ள உன்னால போக முடியுதா?"

இல்லை.

"ஒரு தடவையாவது?"

இல்லை.

அம்மா மண்டியிட்டார். கட்டைகளைப் பொறுக்க முடியாமல் பொறுக்கினார்.

"அப்போ... இவன் தினமும் சோறு வைக்கிறானே. அஞ்சு வருஷமா நீ பட்டினியாடி?"

சம்மதம்.

அந்த அம்மா போட்ட ஓலத்தில் தெருவே வெளியே வந்துவிட்டது. சட்டியோடு சோற்றைக் கொண்டுவந்து வாசலில் கொட்டினார். "தின்னுடி... தின்னுடி கண்ணு..." லியாங் அந்தச் சோற்றின் பக்கத்திலேயே குப்புற விழுந்து கிடந்தார்.

நாங்கள் அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை. அத்தைதான் கோயில் பூசாரியோடு போய்ப் பெயர்ப் பலகையை மட்டும் எடுத்துவந்தாள். அன்றைக்கு அங்கே என்ன பார்த்தாள் என்று கேட்டால், வாய்க்குப் பூட்டே இல்லாத அத்தை, பேச்சை மாற்றிவிடுகிறாள். லியாங் சிப்பித் தொழிலை விட்டார். நான் மாற்றல் வாங்கிக்கொண்டேன். கரும்புக் கடைக்குப் பக்கத்துத் தெருவில் வீடு பிடித்தோம். பாவ்-ஜூவுக்கு இப்போது அங்கே மேடையும் உண்டு, படமும் உண்டு. தினமும் சோறு வைக்கிறோம். போய்ச் சேர்ந்ததா என்று கட்டை போட்டுக் கேட்ட பிறகுதான் நாங்கள் சாப்பிடுகிறோம்.

அன்று நான் பெயர் சொல்லாமல் கூப்பிட்டது எதை, மூன்று முறை எனக்குச் சம்மதம் சொன்னது எது, யாருக்கும் தெரியவில்லை. 'ஒண்ணா இருக்கலாமா' என்று கேட்டவள் நான்தான். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி உண்டா என்று மூன்று கோயிலில் கேட்டுவிட்டேன். மூன்று பூசாரிகளும், அதன் பெயர் தெரியுமா என்றுதான் கேட்டார்கள்.

புது வீட்டில் முதல் காலை. லான்லான் எழுந்து வந்தாள். முடி அவிழ்ந்து கிடந்தது. கலைந்த, சிக்குப் பிடித்த, உலர்ந்த முடி. எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. அவளை முன்னால் உட்கார வைத்து, அவள் அம்மாவாக முதல் முறையாகச் சீப்பைக் கையில் எடுத்தேன். எனக்கு வந்தது சாதாரண மூன்று கால் பின்னல்தான். ஒரு சடையை முடித்து ரப்பர் பேண்ட் போட்டேன். இன்னொரு பக்கம் வார ஆரம்பித்தேன்.

"ஏன் ஒண்ணொண்ணாப் பின்னறீங்க?" என்றாள்.

"வேற எப்படிப் பின்னறது?"

"அவங்க ரெண்டையும் ஒரே நேரத்துல பின்னுவாங்களே" என்றாள் லான்லான். "என் கண்ணைப் பொத்திக்கிட்டே."